பின்பாதி மருதாசலம் பங்கு

ராசிபுரத்து நெசவுத் தெருவில் அன்றைக்கு நடந்த அநியாயத்துக்கு நெய்தான் காரணம். ஆனால் நெய் தானாக நடந்துபோய் ஒரு காரின் பின்சக்கரத்துக்குள் உட்கார்ந்துகொள்ளாது. உட்கார வைத்தவன் நெய்க்கடைக் காளியப்பன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தால் இருபத்தொரு நாள் ஆகும்.

காலை நேரம். தெரு நீளத்துக்குக் கந்தம்மாளின் பட்டுப் பாவை, தறியில் ஏற்றப்போகும் நெட்டிழைகளை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பதினைந்து பேர் நின்று, நெட்டிழைகளுக்குக் கஞ்சி தடவி, ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். உலகச் சண்டை வந்து சப்பான் பட்டு நின்றுபோன காலம். இந்தக் கொள்ளேகால் பட்டுக்குக் கந்தம்மாள் இரண்டு மாதம் காத்துக் கிடந்தாள். அதனால் தும்மல் வந்தவர்கள்கூடத் தள்ளிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் துரைசானி திரும்பினாள்.

துரைசானி என்பது கார். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. பதினேழு வயது. திறந்த உடம்பு, பித்தளை விளக்கு, பள்ளிக்கூட வாத்தியாரின் வயிறுபோல முன்னால் தள்ளிய மூக்கு. சந்தில் திரும்பினாள் என்றால் மூக்கு ஒரு வீட்டு வாசலிலும் வால் எதிர்வீட்டு வாசலிலும் இருக்கும். ஓட்டிவந்த காளியப்பனின் முகத்தில் பரீட்சை தேறியவன் களை.

"மருதாசலம்! டேய் மருதாசலம்! கேளுடா, சத்தம் வருதா? வருதாங்கறேன்!"

பாவின் ஓரத்தில் கஞ்சிக் கையோடு நின்ற மருதாசலம் நிமிர்ந்து பார்த்தான். சத்தம் வரவில்லை. மூன்று மாதமாகக் கீச்சுக் கீச்சென்று ஊரைக் கூட்டிய பின்சக்கரம் மௌன விரதம் பூண்டிருந்தது. காளியப்பன் பெருமையோடு பிரேக்கை மிதித்தான். மிதி இறுகி நின்றது. சக்கரம் நிற்கவில்லை. கைப் பிரேக்கை இழுத்தான். அதுவும் அதே பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. அண்ணன் கேட்காத பேச்சைத் தம்பி மட்டும் கேட்பானா?

"ஒதுங்குங்க! அட, ஒதுங்குங்க சாமி!"

ஒதுங்கினார்கள். பாவால் ஒதுங்க முடியவில்லை. துரைசானி நிதானமாக, ஊர்வலத்தில் போகிறவளைப்போல, அந்தப் பட்டுக்குள் புகுந்து போனாள். பாவைத் தாங்கிய மூங்கில் கவைகள் ஒவ்வொன்றாகச் சடசடவென்று சாய்ந்தன. கடைசியில் கஞ்சி அண்டாவில் மோதி நின்றாள். அண்டா கவிழ்ந்து கஞ்சி காளியப்பனின் தலையில் இறங்கியது. மேலெல்லாம் அரக்குச் சிவப்பில் பட்டிழைகள். மாப்பிள்ளைக் கோலம் என்று சொல்லலாம், சிரிக்கத்தான் ஆளில்லை.

அடி ஒருவருக்கும் இல்லை. கந்தம்மாள் மட்டும் அறுந்த இழைகளைக் கையில் அள்ளிக்கொண்டு வண்டியருகே வந்தாள். அவள் புருசன் போன பிறகு தறியை ஒற்றை ஆளாக இழுக்கிறவள். நாக்கும் அப்படியே.

"ஏனுங்க நெய்க்காரரே, கண்ணில்லாதது வண்டிக்கா, உங்களுக்கா?"

காளியப்பன் ஊரில் பேர்பெற்ற வேடிக்கைப் பேச்சுக்காரன். எழவு வீட்டிலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவான். அன்றைக்கு வாயைத் திறந்ததும் வேடிக்கை வரவில்லை. வந்தது இது:

"பிரேக்குங்க... பிரேக்கு புடிக்கல. பிரேக்கு பின்னாடி பாதிங்க. பின்பாதி மருதாசலம் பங்கு."

இதில் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் பொய்.

தெரு முழுவதும் மருதாசலத்தின் பக்கம் திரும்பியது. அவன் கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பின்சக்கரத்தருகே போய்க் குந்தினான். இரண்டு நாய்கள் ஏற்கெனவே அங்கே வந்து நக்கிக்கொண்டிருந்தன. நெய்க்காரன் வண்டியை நாய் நக்குவது ராசிபுரத்தில் யாருக்கும் அதிசயம் இல்லை. மருதாசலம் நாய்களை விலக்கிவிட்டு, சக்கரத்தின் உள்பக்கத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தான். பொரிந்த முருங்கை இலை. வெண்ணெய் காய்ச்சும்போது வாசத்துக்குக் காளியப்பன் போடுகிற இலை. அதைக் காளியப்பன் பார்த்தான். தான் பார்த்ததை மருதாசலம் பார்த்ததையும் பார்த்தான். மருதாசலம் இலையை இடுப்பிலிருந்த சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு வைத்து, கயிற்றை இழுத்துவிட்டு எழுந்தான்.

"அந்த இழைய இப்புடிக் குடுங்க, அக்கா. முடிஞ்ச வரைக்கும் நான் முடிஞ்சு குடுக்கறேன்."

அவ்வளவுதான் பேசினான்.

*

பங்கு விஷயத்தைச் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு கிணற்றில் நாலு பேருக்குப் பங்கு இருந்தால், இன்ன நாள் இன்னாருக்குத் தண்ணீர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பில் அடிவாங்கிய காளியப்பனும் மருதாசலமும் காரைச் சேர்ந்து வாங்கியபோது அப்படித்தான் நாள்முறை வைத்துப் பார்த்தார்கள். கெட்டுப்போகிற நாளெல்லாம் அடுத்தவன் நாளாகவே இருந்தது. எனவே வண்டியையே குறுக்கே பிரித்தார்கள். முன்கதவுக்கு முன்னால் உள்ளதெல்லாம், அதாவது எஞ்சின், முன்சக்கரம், விளக்கு, ஊதல், காளியப்பனுக்கு. பின்னால் உள்ள ஆசனம், மேல்கூடு, பின்சக்கரம், பிரேக்கு மருதாசலத்துக்கு. ஸ்டீரிங்கை மூன்று நாள் வாதாடிப் புறம்போக்கு என்று விட்டுவிட்டார்கள்.

வண்டி நின்றது காளியப்பனின் கட்டுத்தரையில், இரண்டு எருமைகளுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருதாசலம் வருவான். காலையில் தொடங்கினால் எருமை கறக்கும் நேரம்வரை இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் கிடப்பார்கள். வெளியே நாலு கால்தான் தெரியும். கிழிந்துபோன மேல்கூட்டுக்கு மருதாசலம் தன் தறியிலேயே தடித்த நூலில் துணி நெய்தான். பழக்கதோஷம், ஓரத்தில் கரையும் போட்டுவிட்டான். சீமைக் காருக்குச் சிவப்புக் கரை. ஆசனத்துக்கு இலவம்பஞ்சு. மூக்கின்மேல் துரை வைத்திருந்த வெள்ளிப் பறவையை எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். அந்த இடத்தில் காளியப்பன் மாட்டு மணி ஒன்றை முடுக்கினான். வண்டி குலுங்கும்போதெல்லாம் மணி அடிக்கும். ஊதல் கெட்டுப்போனாலும் கவலையில்லை.

சண்டையில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. சக்கரத்துக்குப் போடுகிற மசகு அடியோடு கிடைக்காமல் போனது. காளியப்பனிடம் இல்லாத பொருள் எதுவாக இருந்தாலும், இருக்கிற பொருள் ஒன்று உண்டு. முன்சக்கரத்தில் நெய்யை அப்பினான். சக்கரம் பட்டுப்போல ஓடியது.

"முன்பாதி உன்ற பங்கு, என்ன வேணா வெச்சுக்க. பருப்புச் சோத்தக்கூட வெய்யி," என்றான் மருதாசலம். "பின்னால மட்டும் வெச்சுராத. பின்னால பிரேக்கு இருக்குது. சூடேறுனா உருகி அதுல எறங்கிரும். கீச்சு கீச்சுன்னா கீச்சிட்டுப் போவுது, நான் வெளக்கெண்ண பாத்துட்டு வாரேன்."

காளியப்பனுக்கு இருப்புக் கொள்ளாத உடம்பு. பல்லில் சிக்கிய நாரை விட்டாலும் விடுவான், வண்டியில் ஒரு சத்தத்தை விடமாட்டான். விளக்கெண்ணெய் வரும்வரை பொறுக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் பின்சக்கரத்தைக் கழற்றி, அடி வண்டல் இலையோடு ஒரு கரண்டி நெய்யை அப்பி, பூட்டினான். மறுநாள் காலை, சத்தம் இல்லாததைக் கேட்கச் சொல்லத்தான் அந்தத் தெருவுக்குப் போனான்.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் வரவில்லை.

காளியப்பன் வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் நடந்தான். எருமைகள் தலையைத் தலையைத் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டன. அவன் பெண்சாதி அத்தாயி வெண்ணெய் உருக்கிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இப்புடித் தவிக்கமாட்டானுங்க. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"அவன் வந்தா வாரான். எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

மருதாசலம் கந்தம்மாள் வீட்டில் இருந்தான். தன் தறிவேலை முடிந்ததும் தினமும் அங்கே வந்து, விரலில் சாம்பலைத் தொட்டு, அறுந்த இழையோடு இழையை முறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கான இழை. காளியப்பனைக் கண்டதும் கந்தம்மாள் வழிவிட்டாள்.

"வாங்க, வாங்க. பாவ மிதிச்சாச்சு, படிய மிதிக்கறதுக்கென்ன?"

காளியப்பன் உள்ளே போய்க் குந்தினான். "ஏண்டா, வரல?"

"வேல இருக்குதுங்க."

முப்பது வருசமாக 'டேய்' போட்ட வாய் இப்போது 'ங்க' போட்டது. நெய்க்குள் கல் கடித்த மாதிரி இருந்தது காளியப்பனுக்கு.

"கோவமா?"

"நமக்குள்ள என்னங்க கோவம்."

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரியா?"

"பாக்கலாமுங்க."

பாக்கலாமுங்க என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கதவு. திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாலும் தெரியாது. பெண் கேட்டு வந்தவர்களுக்கும் பாக்கலாமுங்க, பட்டினி கிடக்கிற சொந்தக்காரனுக்கும் பாக்கலாமுங்க. காளியப்பன் தானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறான். அது இவ்வளவு கனமான சொல் என்று வாங்கிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

சொல்லிவிடலாமா என்று பார்த்தான். நெய் வைத்தவன் நான் என்று மூன்றே சொல். தொண்டைவரை வந்தது. கந்தம்மாள் அங்கேயே நின்றாள். வந்தது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மறுநாள் கடையாள் அம்மாசியிடம் ஒரு செம்பு நெய் கொடுத்துக் கந்தம்மாளுக்கு அனுப்பினான். செம்பு போன வேகத்தில் திரும்பி வந்தது.

"என்ன சொன்னாங்க?"

"நெய் ஊத்துனா இழை ஒட்டாதுன்னு சொல்லச் சொன்னாங்க," என்றான் அம்மாசி.

சும்மா இருக்க முடியாதவன் என்ன செய்வான்? பிரேக்கைக் கழற்றினான். உள்ளே இருந்த பட்டை ஒரு கரண்டி நெய்யையும் குடித்து ஊறிக் கிடந்தது. பெட்ரோலில் கழுவினால் போகும். மிச்சமிருந்த பெட்ரோலில் ஒரு கைக்குட்டைகூட நனையாது. எனவே சாம்பல் கரைத்த தண்ணீரில் போட்டு, அண்டாவில் ஏற்றி, சலவைக்காரர் வெள்ளாவி வைப்பதுபோல வேகவைத்தான்.

"அய்யோ, அது நெய் காச்சற அண்டாங்க!" என்று ஓடிவந்தாள் அத்தாயி.

"நெய்யைத்தான புள்ள காச்சறேன். பிரேக்குக்குள்ள இருக்கற நெய்ய."

மூன்று முறை வேகவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தான். நெய்யின் வாசம்கூட மிஞ்சவில்லை. நாய்கள் வந்து மோந்து பார்த்து, ஏமாற்றத்தோடு போய்விட்டன. பிறகு பூட்டினான். பூட்டி முடித்தபோது கையில் ஒரு கம்பிச் சுருள் மிச்சம் இருந்தது. கழற்றும்போது எங்கோ இருந்ததுதான். பூட்டும்போது அதற்கு இடமே இல்லை.

இரண்டாவது ஞாயிறும் மருதாசலம் வரவில்லை. சுருள் நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டு போனான்.

"இது எங்கடா போவும்?"

மருதாசலம் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கியாச்சும் போவுமுங்க."

*

மூன்றாவது வாரம் அத்தாயி சந்தைக்குப் போய்விட்டு வந்து, கூடையை இறக்காமலே சொன்னாள்:

"மருதாசலண்ணன் ஊட்டுக்கு அவுங்க மச்சினர் வந்திருக்கறாராம், அம்மாபேட்டையிலிருந்து. தறியக் கழட்டிக்கிட்டு அங்கயே வந்துரச் சொல்லிக் கூப்படறாராம்."

"எதுக்கு?"

"எதுக்கா? அண்ணன் பாவு தயாராயி ஒரு வாரமாச்சு. ஊடு ஊடாப் போயி ஆள் கூப்புட்டிருக்கறாங்க. ஒருத்தரும் வரமாட்டேன்னு சொல்லல."

"அப்பறம் என்ன?"

"பாக்கலாமுன்னு சொன்னாங்களாம்."

காளியப்பன் கட்டிலில் உட்கார்ந்தான். நெசவுத் தெருவில் ஒருவன் பாவுக்கு எல்லோரும் நிற்பார்கள், எல்லோர் பாவுக்கும் அவன் நிற்பான். அதற்குக் கூலி இல்லை, கணக்கு இல்லை. ஆனால் பதினைந்து பேர் நிற்காவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் தறி வெறும் விறகு.

"வண்டிய ஓட்டுனது நானு. கோவம் என்ற மேலயில்ல இருக்கோணும்?"

"உங்களுக்குப் பாவப் பத்தி என்ன தெரியுமுன்னு விட்டுட்டாங்க. தறியில உக்காந்தவனுக்குத் தெரிய வேண்டாமா, பிரேக்க ஒழுங்காப் பூட்டிருக்க வேண்டாமாங்கறாங்க." அத்தாயி கூடையை இறக்கினாள். அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அடி வண்டல் நெய்யி ஒரு கரண்டி கொறஞ்சுதுன்னு நான் அன்னைக்கே பாத்தனுங்க. கேக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதற்குமேல் அந்தக் கட்டிலில் உட்கார முடியவில்லை.

"என்னிக்குப் பாவு?"

"நாளைக்குக் காலம்பர ஒருக்காக் கட்டிப் பாக்கறாங்களாம். ஆள் வரலீன்னா, சுருட்டிக்கிட்டு அம்மாபேட்டைக்கு."

*

மறுநாள் காலை துரைசானியை இரண்டு எருமைகள் இழுத்துக்கொண்டு நெசவுத் தெருவுக்குள் வந்தன. எஞ்சினை நம்பக் காளியப்பனுக்கு மனம் வரவில்லை. சுருள் ஒன்று இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. எருமையைவிட நல்ல பிரேக்கு இந்த லோகத்தில் உண்டா? நில் என்று சொல்வதற்கு முன்பே நின்றுவிடும். மணி அடிக்க, சிவப்புக் கரை ஆட, அந்த ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பாவுக்கு வராதவர்களும் வேடிக்கைக்கு வந்தார்கள்.

மருதாசலம் தன் பாவின் ஒரு முனையை மரத்தில் கட்டியிருந்தான். மறுமுனை அவன் மச்சினன் கையில். நடுவில் கூட்டிப் பெருக்கிய வெறுந்தெரு.

காளியப்பன் எருமைகளைப் பாவுக்கு நெடுந்தூரம் முன்பே நிறுத்தினான். இறங்கினான். முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினான். கழன்ற ஒரு திருகு உருண்டு கந்தம்மாளின் காலடியில் போய் நின்றது.

"எல்லாரும் கேளுங்க! அன்னைக்குப் பிரேக்கு புடிக்காததுக்கு மருதாசலம் காரணமில்ல. இந்தச் சக்கரத்துல நெய் வெச்சவன் நானு. வெக்காதடான்னு அவன் சொன்னான். கேக்காம வெச்சேன். வெச்சுப்போட்டு, அவன் பங்குன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்."

எல்லோரும் கழற்றிய சக்கரத்தைப் பார்த்தார்கள். பிறகு எவனோ ஒருவன் சிரித்தான். அவனைத் தொடர்ந்து நாலு பேர்.

"நெய்க்காரரு வேடிக்க பண்றாரு. சக்கரத்துல நெய்யாம்!"

"சிநேகிதனக் காப்பாத்தறதுக்கு என்னமா இட்டுக்கட்டறாரு பாருங்க!"

காளியப்பன் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். வாழ்நாள் முழுதும் உண்மையைச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்லிச் சிரிக்கவைத்த பாவம், இன்றைக்கு மொத்தமாக வந்து முன்னால் நின்றது.

கந்தம்மாள் முன்னால் வந்து, குனிந்து, பிரேக்குக்குள் விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தாள்.

"எங்கீங்க நெய்யி? சீயக்கா வாசந்தான் வருது. தலைக்குத் தண்ணி வாத்துக் கூட்டியாந்தீங்களாக்கு."

"அது... நாந்தான் கழுவிட்டனுங்க. மூணு தரம் வேகவெச்சு..."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

"முன்சக்கரத்தப் பாருங்க! அதுல நெய் இருக்குது, இப்பக்கூட இருக்குது!"

"முன்சக்கரத்துல இருந்தா? அது உங்க பங்கு. பின்னால வெச்சீங்கன்னு எப்புடி ஆவும்?" என்றாள் கந்தம்மாள். "நீங்கதான பங்கு பிரிச்சுச் சொன்னீங்க."

காளியப்பன் மருதாசலத்தைப் பார்த்தான். மருதாசலம் மரத்தடியில் அசையாமல் நின்றான். சுருக்குப்பை அவன் இடுப்பில் தொங்கியது. இருபத்தொரு நாளாக அந்த இலை அதில் இருக்கிறதா, வெற்றிலைக் காம்போடு எப்போதோ தூர எறிந்துவிட்டானா?  காளியப்பன் கையிலிருந்த சக்கரத்தைக் கீழே வைத்தான்.

"நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க விடுங்க. அவன் பாவுக்கு மட்டும் நில்லுங்க. நான் வேணும்னா இந்தத் தெருவுல இனிக் காலே வெக்கல." குரல் உடைந்தது. "அவன அம்மாபேட்டைக்குப் போவ விட்டுராதீங்க, சாமி."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காரன் அழுவதை அந்தத் தெரு பார்த்ததில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மருதாசலம் நடந்து வந்தான். சுருக்குப்பையின் கயிற்றைத் தளர்த்தி, இரண்டு விரலால் எடுத்து, கந்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தான். கருத்துச் சுருண்ட முருங்கை இலை.

"அன்னைக்குப் பின்சக்கரத்துல இருந்துது, அக்கா."

கந்தம்மாள் இலையை மோந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் மோந்தாள். இலை கைக்குக் கை போயிற்று. ராசிபுரத்துக்காரர்களுக்கு நெய்யில் பொரிந்த முருங்கை இலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இத்தன நாளு வாய்ல என்னடா வெச்சிருந்தே?" என்று மருதாசலத்தின் மேல் பாய்ந்தாள் கந்தம்மாள். "நானும் உன்னய என்னென்னமோ பேசிப்போட்டேன்! நீயும் குந்தி இழை முடிஞ்சுக்கிட்டே இருந்தே!" பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன நின்னு பாக்கறீங்க? வெயில் ஏறுது. அந்த முனையப் புடிங்க!"

அவளே முதல் ஆளாகப் போய் மச்சினன் கையிலிருந்த முனையை வாங்கினாள். ஒருவர், இருவர், பிறகு கூட்டமாக வந்தார்கள். கவைகள் நிமிர்ந்தன. பாவு தெரு நீளத்துக்கு விரிந்தது. காளியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று ஓடினான்.

"அந்த நெய்க் கையோட கிட்ட வந்தீங்க, கைய ஒடிச்சுருவேன்!" என்றாள் கந்தம்மாள். "தெருமுனையில போயி நாய் வராம பாருங்க."

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றான். இதற்குப் பொருத்தமான வேலை வேறு இல்லை என்று அவனுக்கே பட்டது. நாய்கள் அவனைச் சுற்றித்தான் வந்தன. பாவுக்கும் நாய்களுக்கும் நடுவில் நிற்பதைவிட, பாவை விட்டுத் தள்ளித் தள்ளி நடந்தால் நாய்களும் தள்ளி வரும் என்று கண்டுகொண்டு, முனைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். கண் மட்டும் தெருவிலேயே இருந்தது.

கஞ்சி காய்ந்து பாவைச் சுருட்டி முடித்த பிறகு மருதாசலம் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தான். காளியப்பன் தண்ணீர் சேந்தி ஊற்றினான். ஒரு வாளி, இரண்டு வாளி. மூன்றாவது வாளியைப் பாதியில் நிறுத்தினான்.

"கோவமாடா?"

மருதாசலம் கையை உதறினான். காளியப்பனுக்குத் தெரியும், இப்போது வரப்போவது பாக்கலாமுங்க. அதை வாங்கிக்கொள்ளத் தயாராகக் கயிற்றை இறுகப் பிடித்தான்.

"ஆமாண்டா, கோவந்தான்," என்றான் மருதாசலம், அவன் முகத்தை நேராகப் பார்த்து. "பாவு போனதுக்கில்ல. ஊரே நிக்கறப்ப பங்கு பிரிச்சே பாரு, அதுக்கு. நீயா வந்து சொல்லுவியான்னு தெனமும் அந்தப் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அம்மாபேட்டைக்குப் போவல. ஆனா இந்த ஞாயித்துக்கெழம வரமாட்டேன். கோவம் இன்னும் அடங்கல. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். அந்தச் சுருளக் குடு, அது எங்க போவும்னு எனக்குத்தான் தெரியும்."